பெருக்காத நரம்பு

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
20 ஜூலை 2025, ஞாயிறு இரவு

அண்ணா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் இருக்கிறவர்களுக்கும் வேண்டாம், உன் புரொபசருக்கும் வேண்டாம். முக்கியமாக, அப்பாவுக்குத் தெரியாமல் மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று உனக்குப் போன் செய்கிற அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் போய்விடக் கூடாது. படித்ததும் கிழித்துவிடு. சத்தியம் செய்துவிட்டு மேலே படி. நான் காத்திருக்கிறேன்.

செய்துவிட்டாயா?

என் போனை பிளஸ் டூ முடியும்வரை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். என்னோடு படிக்கிற அபியின் போனில் பேசலாம்தான். ஆனால் அவள் பக்கத்திலேயே நின்று கேட்பாள், கேட்டதை வகுப்பு முழுக்கச் சொல்வாள். நல்ல பெண். கடிதத்தை மட்டும் பிரிக்க மாட்டாள். பதிலை அவள் வீட்டுக்குப் போடு, விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

அப்பாவின் இடது கையில் ஆபரேஷன் நடந்தது அம்மா சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தமனியின் ரத்தம் நேரே சிரைக்குள் பாயும். அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கிச் சிரை பெருக்க வேண்டுமாம். விரல் பருமனுக்கு வந்தால்தான் டயாலிசிஸ் ஊசி போட முடியும். அதுவரை கழுத்தில் செருகியிருக்கிற குழாய்தான். அந்தக் குழாயில் எப்போது வேண்டுமானாலும் கிருமி ஏறலாம் என்று ஒவ்வொரு முறையும் நர்ஸ் பயமுறுத்துகிறார்கள்.

தையல் போட்ட இடத்தில் கை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுகிறது. அப்பா முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார். "இன்னாம்மா, தொட்டுப் பாரு, நம்ம கம்பெனி லேத் ஓடற மாதிரியே ஓடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டினார். இப்போது யாரிடமும் நீட்டுவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சிரை, அப்பா சொல்கிற நரம்பு, பெருக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை, ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், ஆகவில்லை என்றால் வேறு இடத்தில் மறுபடியும் ஆபரேஷன் என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நாங்க எழுதிக் குடுத்தது இல்லாம வேற எதாவது மாத்திர சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா. மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அண்ணா, அவர் சாப்பிடுகிறார். என் கையால்தான் தருகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. எதற்கு என்று கேட்காதே, சொல்ல மாட்டேன் என்று மாதா படத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

போன கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? நீ பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே உன் லேப் எலிகளைப் பற்றிச் சொன்னாய். எலிக்கும் இதே மாதிரி தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்போம், குழாய் பெருக்கும், ஆனால் ஒரு மாத்திரை கொடுத்தால் பெருக்காது என்றாய். ஏதோ நொதியை அது தடுத்துவிடும் என்றாய். "சாதாரண காய்ச்சல் மாத்திரதான், எல்லா மெடிக்கல்லயும் கெடைக்கும்" என்றாய். அம்மா, "சோறு துன்னும்போது எலிப் பேச்சு எடுக்காத" என்று உன் தலையில் குட்டினாள். அதனால் மாத்திரையின் பேர் என்ன என்று நான் கேட்கவில்லை.

எங்கள் அட்டையில் டாக்ஸிசைக்ளின் என்று போட்டிருக்கிறது. அதுவா, இல்லையா? அதை மட்டும் சொல். அதுதான் என்றால் அப்பாவின் நரம்பைத் தினமும் ராத்திரி நான்தான் சுருக்கிக்கொண்டு இருக்கிறேன்.

நீ ஈஸ்டர் அன்று சொல்லிவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை. உன் மேல் எனக்கும் கோபம்தான். ஆனாலும் பதில் போடு.

மெரின்


ஐதராபாத்
24 ஜூலை 2025

மெரின்,

கிழிக்கவில்லை. கிழிக்கிற மாதிரியா எழுதியிருக்கிறாய்? ஆனால் யாருக்கும் காட்டவில்லை.

அதுதான். அதே மாத்திரை.

ஜூன் மாதம் வந்தால் அம்மா உன் யூனிபார்மை என்ன செய்வாள்? பக்கத்துத் தையலைப் பிரித்துவிட்டு, உள்ளே மடித்து வைத்த துணியை வெளியே இழுத்து மறுபடியும் தைப்பாள். ரத்தக்குழாயும் அப்படித்தான். ரத்தம் வேகமாகப் பாய ஆரம்பித்ததும், குழாயின் சுவர் முதலில் தன் தையலைத் தானே பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிற கத்தரிக்கோல்தான் அந்த நொதி. பிரித்தால்தான் அகலமாகத் தைத்துக்கொள்ள முடியும். இந்த மாத்திரை கத்தரிக்கோலை மழுங்கடித்துவிடுகிறது. எவ்வளவு வேகமாக ரத்தம் போனாலும் சுவர் பிரியாது. மாத்திரை கொடுக்காத எலிகளின் குழாய் பெருத்து நிற்கும், கொடுத்த எலிகளுக்குக் கொஞ்சம்தான் பெருக்கும். என் கண்ணால் பார்க்கிறேன். என் வேலையே அதுதான்.

நிறுத்து. உடனே நிறுத்து. அவரிடம் சொன்னால் கேட்க மாட்டார் என்றால் அவருக்குத் தெரியாமல் நிறுத்து.

யார் கொடுத்தது இந்த மாத்திரையை? எதற்கு? உன்னிடம் சத்தியம் வாங்கினாராம். ஈஸ்டர் அன்று நான் என்ன கேட்டேன்? "ஒரு டெஸ்ட் எடுத்துப் பாப்போம்ப்பா, பொருந்துச்சுன்னா என் கிட்னில ஒண்ண வெச்சிக்கோங்க, இந்த மிஷினு கிஷினு ஒண்ணும் வேணாம்"னு கேட்டேன். அதற்குத் தட்டைத் தூக்கி எறிந்தார். "என்ன எவனும் டெஸ்ட் கிஸ்டு பண்ண வேணாம், வெளிய போடா"ன்னார். பெற்ற பிள்ளையின் கிட்னி வேண்டாமாம், ஊர் பேர் தெரியாத மாத்திரை மட்டும் வேண்டுமாம்.

நானும் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "அப்ப செத்துப் போங்க"ன்னேன். நீ மறக்கவில்லை என்கிறாய். நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா?

டோனி


ஐதராபாத்
26 ஜூலை 2025

மெரின் குட்டி,

முந்தாநாள் போட்ட கடிதம் கிடைத்திருந்தால் அதில் சொன்னதைச் செய்யாதே. கிடைக்கவில்லை என்றால் கிடைத்ததும் கிழித்துவிடு. இந்த முறை சத்தியம் கேட்பது நான். அபி நம்பர் என்னிடம் இல்லை, அம்மாவிடம் கேட்டால் எதற்கு என்று துருவுவாள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு மூளை வேலை செய்தது. அந்த மாத்திரையை எதற்காகச் சாப்பிடுகிறார் என்று தெரியாமல் நிறுத்தச் சொல்ல நான் யார்? அது கிருமிக்குக் கொடுக்கிற மருந்து. உடம்பில் ஏதோ கிருமி இருப்பதால்தானே கொடுத்திருப்பார்கள்? கிட்னி இல்லாதவருக்கு, கழுத்தில் குழாய் இருக்கிறவருக்கு, அதைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. எலி எலிதான், அப்பா அப்பாதான். எலிகளுக்கு நாங்கள் கொடுக்கிற அளவு வேறு. மனிதர்களில் இதே மாதிரி நடக்கிறதா என்று தேடினேன். அடித்துச் சொல்லும்படி ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. நரம்பு பெருக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நீ சுருக்கவில்லை. அந்த எண்ணத்தை விடு.

டாக்டரிடம் சொல்லிவிடு. என்ன மாத்திரை, எத்தனை நாளாக, எதற்காக, எல்லாம். சத்தியம் செய்திருக்கிறாய் என்று தெரியும். நம் மாதா கோவில் சாமியாரிடம் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார்.

அபிக்கு நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? உறை மேல் அனுப்புநர் பேர் எழுதவில்லை.

டோனி


நெல்லித்தோப்பு
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு இரவு

அண்ணா,

உன் இரண்டாவது கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. அபி அவள் அத்தை வீட்டு விசேஷத்துக்குக் கனகசெட்டிக்குளம் போய்விட்டாள். கடிதம் அவர்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. முதல் கடிதத்தை மட்டும் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் படித்த அன்றே நான் நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

பயப்படாதே, அப்பா நன்றாக இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி மற்றது.

அவரிடம் சொல்லாமல் மாற்றினேன். அம்மாவின் சத்து மாத்திரையும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். அதைக் கொடுத்தேன். அவர் பார்ப்பதே இல்லை, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "என் தங்கம்" என்று தலையைத் தடவுவார். தடவி முடிப்பதற்குள் நான் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவேன்.

புதன்கிழமை மழை. டயாலிசிஸ் முடிந்து நனைந்துகொண்டு வந்தார். வியாழக்கிழமை விடியும்போது குளிரில் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினார். அம்மா போர்த்தப் போனபோது, "கிட்ட வராத, கிட்ட வராத" என்று கத்தினார். அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் ஏன் என்று. போர்த்தும்போது கை பட்டால் காலின் வீக்கம் தெரிந்துவிடும்.

இனி எதற்கு மறைக்க வேண்டும்? அண்ணா, அப்பாவுக்கு யானைக்கால். வலது கால். கணுக்காலுக்கு மேலே ஒரு சுற்று வீங்கியிருக்கும். இரண்டு வருஷமாக. முட்டி வலி என்று சொல்லி நம் கோவில் தேர் தள்ளுவதை அவர் விட்டாரே, முட்டிவலி இல்லை, தேர் தள்ள வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். நீ கவனித்தாயா, வீட்டில்கூட முழு பேண்ட்தான் போடுகிறார். அம்மாவுக்கும் தெரியாது. அம்மா, பாவம், "மனுஷன் தொர மாதிரி தூங்கறதுக்கும் பேண்ட்டு கேக்குது" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

நான் ஒரு நாள் தெரியாமல் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டேன். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "வெளிய தெரிஞ்சா யானக்கால் வூடுன்னு பேராயிடும். உன்ன எவன் கட்டுவான், டோனிக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்றார். யானைக்கால் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் தெரியும் என்று, ரத்தம் எடுக்க ராத்திரியில் ஆட்கள் வருவார்களாம் அவர் சின்ன வயதில், எந்த வீட்டில் விளக்கு போட்டு ரத்தம் எடுத்தார்களோ அந்த வீட்டுப் பெண்ணைத் தெருவே ஒரு மாதிரி பார்க்குமாம். நம்மை யாருக்கும் தெரியாத இடம் என்று தவளக்குப்பம் போனோம், பைக்கில். எனக்கு டியூஷன் என்று அம்மாவிடம் சொன்னார். அங்கே கிளினிக்கில் பேர் கேட்டதும், ஒரு நொடி யோசிக்காமல் "முருகையன்" என்றார். கழுத்தில் மாதா படம் போட்ட செயின் தொங்குகிறது! ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துக் குழாய் தெரியாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு போனதால் கை ஆபரேஷனும் டயாலிசிஸும் அவருக்குத் தெரியாது. கிட்னி பற்றி அப்பா வாயைத் திறக்கவில்லை. முருகையனுக்குக் கிட்னி நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கை ஆபரேஷன் செய்த அதே டாக்டரம்மா வந்து பார்த்தார். கழுத்துக் குழாயில் கிருமி ஏறிவிட்டதோ என்று அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். குழாயைப் பிடுங்கிவிட்டு அந்தப் பக்கம் ஒன்று வைக்கலாமா என்று பேசினார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் காலைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறார்களே என்று நின்றேன். பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"டாக்டர், அவருக்குக் காலு. வலது காலு. அதுக்கு மாத்திர சாப்புட்டுகிட்டு இருந்தாரு. நான்தான் மாத்தி வேற குடுத்துட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முருகையன் உட்பட.

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார்.

"முருகையன் சார், பேண்ட்ட முட்டி வரைக்கும் தூக்குங்க."

அப்பா தூக்கவில்லை. அம்மாதான் போய்த் தூக்கினாள். கால் செக்கச் செவேலென்று கொதித்துக் கிடந்தது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, "இதயா ரெண்டு வருஷமா மூடி வெச்சிக்கினு இருந்த? நான் என்னா ரோட்டுல போறவளா?" என்று அழுதாள். நான் அவர்கள் சண்டையைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். விரல் இடுக்கில் வெடிப்பு, மழைத் தண்ணியில் நனைந்த ஷூ, அந்த வழியாகத்தான் கிருமி உள்ளே போயிருக்கிறது என்றார். நான் மாத்திரையை மாற்றியதாலா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனிமேல் வீட்டில் நீ டாக்டர் வேலை பார்க்காதே என்றார். கழுத்துக் குழாயில் ஒன்றும் இல்லை. ஊசி மருந்து போட்டு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மாத்திர நரம்பப் பெருக்க விடாதுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டார். தனியாகத்தான் கேட்டார், ஆனால் அப்பா கட்டில் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"எங்க அண்ணன். ஐதராபாத்துல எலிக்கு அதேதான் பண்றான்" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். "எலிக்கு சரி. மனுஷனுக்கு நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆனா சந்தேகம்னு வந்தப்பறம் அத எதுக்குக் குடுக்கணும்? காலுக்கு வேற வழி இருக்கு" என்று அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். நரம்புக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார்.

ஆகவே, அண்ணா, உன் பேரை வீட்டில் எடுத்துவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியத்தை உடைத்ததற்கா, உன் பேரைச் சொன்னதற்கா தெரியவில்லை. ஸ்கேனில் நரம்பு வீண் என்று வந்துவிட்டால் என்னிடம் எப்போதுமே பேச மாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

மெரின்


ஐதராபாத்
7 ஆகஸ்ட் 2025

மெரின் குட்டி,

லேபில் உட்கார்ந்து படித்தேன். முருகையன் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உன்னை நான் படுத்தியிருக்கிறேன். இரண்டு நாள் பொறுத்து யோசித்து எழுதியிருந்தால் அந்தச் சத்து மாத்திரை நாடகமே நடந்திருக்காது. டாக்டரம்மா உன்னிடம் சொன்னதை எனக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கிட்னி கொடுக்கிறவனுக்கு மட்டுமா டெஸ்ட்? வாங்கிக்கொள்கிறவருக்கும் உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரை பார்ப்பார்கள். அன்றைக்கு நான் "டெஸ்ட்" என்று சொன்னதும்தான் அவர் தட்டை எறிந்தார், "கிட்னி" என்று சொன்னதற்கு இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. என்னை வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமாக அதையே நினைத்துக்கொண்டு, அவர் நம்பரை எடுத்து வைத்துவிட்டு, போடாமல், போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

அவர் காலை எனக்காகவா மூடி வைத்தார்? எனக்கு எவன் பொண்ணு கொடுப்பான் என்று? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எலி வளர்க்கிறவனுக்கு எப்படியும் எவனும் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லியிருப்பேன்.

நான் ஊருக்கு வருவதைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெளியே போ என்றது அவர். வா என்று அவர் சொல்லாமல் நான் வந்து நின்றால், அந்தக் காலோடும் அந்தக் கையோடும் மறுபடியும் கத்துவார். வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது.

ஸ்கேன் முடிந்ததும் எழுது. அன்றைக்கே எழுது. அம்மா போனில் அழுகிறாளே தவிர ஒன்றும் தெளிவாகச் சொல்வதில்லை, "எல்லாம் மாதா பாத்துக்குவா" என்கிறாள். எனக்கு நரம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று மாதா சொல்ல மாட்டாள்.

டோனி


நெல்லித்தோப்பு
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு இரவு

அண்ணா,

அன்றைக்கே எழுதவில்லை, திட்டாதே. ஒவ்வொரு நாளும் நாளைக்கு இதைவிட நல்ல செய்தி இருக்கும் என்று தள்ளிப் போட்டேன்.

ஸ்கேனில் நரம்பு வீண் இல்லை. தைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிளை பிரிந்து போகிறதாம். வருகிற ரத்தத்தில் பாதியை அந்தக் கிளை திருடிக்கொண்டு போயிருக்கிறது. மெயின் குழாயில் தண்ணீர் வராமல் பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு இழுக்கிற மாதிரி. டாக்டரம்மா கையை மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, அந்தக் கிளையைக் கட்டிவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்படியானால் மாத்திரையால் ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். கிளையை மட்டும் கட்டினாலும் பெருக்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தினாலும் பெருக்கலாம், இரண்டையும் செய்துவிட்டோம், பெருத்தால் எதற்கு நன்றி சொல்வது என்று எனக்கே தெரியாது என்றார். நீ இதைக் கேட்டால் தலையைச் சொறிவாய். எனக்குப் போதும்.

அதன் பிறகு நரம்பு வளர்ந்தது, அண்ணா. பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொன்னார்கள், சாப்பிடும் நேரம் தவிர அப்பா கையில் பந்துதான். முழங்கையை நோக்கி ஒரு கயிறு போல எழும்பி வந்தது. இப்போது என் சுண்டுவிரலைவிடப் பெரிது. கிர்ரென்ற சத்தம், காதை வைக்காமலே, பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கிற மாதிரி இருக்கிறது.

காலும் தேவலை. தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, களிம்பு போட வேண்டும். அம்மாதான் செய்கிறாள். முதல் நாள் அப்பா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அம்மா பளார் என்று தொடையில் ஒன்று வைத்தாள். அதன் பிறகு இழுப்பதில்லை.

பதினைந்தாம் தேதி நம் கோவில் தேர். அப்பா வேட்டி கட்டினார்! காலில் கட்டுத்துணி சுற்றியிருந்தது, அதற்கு மேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேர் தள்ளாமல் ஓரமாக நின்றார். எதிர் வீட்டு விக்டர் மாமா வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா சகாயநாதா, காலுல இன்னா கட்டு?" என்றார்.

"யானக்காலு. வைத்தியம் ஓடுது. உனக்கும் இருந்தா சொல்லு, டாக்டர் நம்பர் தரேன்" என்றார் அப்பா.

விக்டர் மாமா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, மெதுவாக, "மெய்யாவே குடு" என்றார்.

என்னிடம் அப்பா அன்றுதான் பேசினார். தேர் திரும்பி வந்து நின்றதும், "சத்தியத்த ஒடச்சிட்டல்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "நல்ல வேள" என்று சொல்லிவிட்டு, பொரி உருண்டை வாங்கிக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

நேற்றுதான் முதல் முறையாக அந்த நரம்பில் ஊசி போட்டார்கள். பழகுவதற்காக ஒரு ஊசி மட்டும், மற்றது கழுத்தில். இன்னும் சில தடவை இப்படி நன்றாகப் போனால் கழுத்துக் குழாயை எடுத்துவிடுவார்களாம். நானும் அம்மாவும் உள்ளே நின்றோம். நர்ஸ் செல்வாம்பாள் ஊசியை எடுத்ததும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். உள்ளே போனதும் குழாயில் சிவப்பாக ஏறியது, நின்று நின்று இல்லை, ஒரே ஓட்டமாக. "சூப்பர் நரம்பு" என்றார் நர்ஸ். அம்மா சுவரைப் பார்த்தபடியே "இயேசுவே" என்றாள்.

அப்போது அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம் ஆரம்பித்தார். தனக்கொடி என்று ஒருவர், அவருக்கும் இதே மாதிரி கைதான்.

"என் பையன் இதான் படிக்கறான். ஐதராபாத்துல. எலிக்கு இதே ஆப்ரேசன் பண்றான்."

"எலிக்குமா?"

"பின்ன? இம்மாத்தூண்டு நரம்பு. நூல் கூடக் கண்ணுக்குத் தெரியாது. அத்தத் தைக்கறான்."

"எலி பொழைக்குதா?"

"பொழைக்காம? என் புள்ள கை வெச்சது."

அம்மா என் கையைக் கிள்ளினாள். ஈஸ்டருக்குப் பிறகு அவர் வாயில் இருந்து உன்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை இதுதான். அதுவும் எலியைப் பற்றி!

வீட்டுக்கு வந்ததும் நான் துணிந்து கேட்டேன். அண்ணனை வரச் சொல்லலாமா என்று. பந்தை இன்னும் இரண்டு தடவை அமுக்கினார். பிறகு, "ஏன், ஐதராபாத்துல பஸ்ஸு ஓடலியாமா?" என்றார். "கிட்னி பேச்ச எடுக்காம வரான்னா வரட்டும். அந்த டெஸ்ட்ட நானே எடுத்துக்கறேன், வேற யாருதாச்சும் கெடைக்குதான்னு பேர எழுதி வெக்கலாம்னு டாக்டரு சொல்லுது. காலத்தான் எல்லாரும் பாத்தாச்சே." நான் இதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. இது "வா" என்று சொன்னதுதான், அண்ணா. அவர் பாஷையில் இதைவிடத் தெளிவாக வராது. நீ அடம் பிடிக்காதே.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. நான் இத்தனை நாள் எழுதாமல் விட்டதில் நீ என்னென்ன நினைத்துக்கொண்டு இருந்தாயோ. அம்மா வேறு போன வாரம் சார்ஜர் உடைந்து உனக்குப் போன் செய்யவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக இதைப் பெட்டியில் போட்டுவிட்டு, அபி போனில் உனக்கும் பேசிவிடுகிறேன், அவள் கேட்டால் கேட்கட்டும். இனி யாரும் கேட்கக் கூடாதது என்று எங்களிடம்

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். இந்த நேரத்தில் யார்? அம்மா தூங்கிவிட்டாள். அப்பா எழுந்து போகிறார், காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்கிறது. "யாரு?" என்கிறார். மறுபடியும் "யாரு?" என்கிறார். தாழ்ப்பாள் திறக்கிறது. ஏதோ பை கீழே விழுகிறது. அப்பா சொல்கிறார், "கைய, கைய, பாத்துடா, எடது கைய அமுக்காத"

அண்ணா, நீயா